அலறல்களைக் கடைசியில் வையுங்கள்: வீடியோ கேம், அனிமே ஒலிப்பதிவை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வீடியோ கேம் தயாரிப்பாளர்களுக்கும், அனிமே மொழிமாற்றக் (டப்பிங்) கூடங்களை நடத்துவோருக்கும், ஒலிப்பதிவு நேரத்தை வகுக்கும் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். ஜப்பானிய அனிமேஷனான அனிமேத் தொடர்களுக்கும் வீடியோ கேம்களுக்கும் குரல் கொடுத்துப் பிழைப்பவர்களுள் நானும் ஒருவர். ஊதியத்தைப் பற்றியும் பெயர்ப் பட்டியலில் எங்களுக்குரிய இடத்தைப் பற்றியும் சங்கங்கள் உங்களோடு பேசி வருகின்றன. அவற்றை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். ஒலிப்பதிவு நாளில் அலறல்களை எந்த வரிசையில், எவ்வளவு நேரம், என்ன முன்னறிவிப்போடு பதிவு செய்கிறீர்கள் என்பதைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன். சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு குரல் கலைஞர் பத்தாண்டு நிலைப்பாரா, நாற்பதாண்டு நிலைப்பாரா என்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

மற்ற நடிகர்களுக்கு இல்லாத ஒரு சலுகை எங்கள் தொழிலுக்கு உண்டு: முகத்தில் விழும் சுருக்கம் எங்களை வீட்டுக்கு அனுப்புவதில்லை. 1936இல் பிறந்த நோசாவா மசாகோ, ‘டிராகன் பால்’ அனிமே 1986இல் தொடங்கியபோது சிறுவன் கோகுவுக்குக் குரல் கொடுத்தார். எண்பது வயதைக் கடந்தும் அதே பாத்திரத்தைப் பேசினார். ‘சூப்பர் மாரியோ 64’ என்ற வீடியோ கேம் வெளிவந்த 1996 முதல் 2023 வரை மாரியோவின் குரலாக உலகம் கேட்டது சார்லஸ் மார்ட்டினேயின் குரலைத்தான். கோகுவைப் போல் கத்தும் பாத்திரம் அனிமேயில் அதிகமில்லை. ஆகவே கத்துவதே கேடு என்று நான் வாதிட வரவில்லை. பயிற்சி பெற்ற தொண்டை கத்தும். ஆனால் இடைவெளியே இல்லாமல் கத்த எந்தப் பயிற்சியும் கற்றுத் தருவதில்லை.

வீடியோ கேம் ஒலிப்பதிவை அருகிலிருந்து பார்க்காத மேலாளர்களும் உங்களிடையே இருக்கக்கூடும் என்பதால், அது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கலைஞர் தனியாக நிற்பார். எதிரே கதை இருக்காது. அட்டவணையாக அடுக்கிய வரிகள் இருக்கும். பெரும்பாலும் படமும் இருக்காது. உரையாடல் வரிகள் முடிந்ததும், அல்லது நேரக் கணக்கைப் பொறுத்து அவற்றுக்கு முன்பே, சொற்களற்ற ஒலிகளின் பகுதி வரும்: சிறிய அடி வாங்கும் முனகல், நடுத்தர அடி, பலத்த அடி, உயரத்திலிருந்து விழுதல், தீயில் எரிதல், மூச்சுத் திணறி இறத்தல், கத்திக்குத்தில் இறத்தல், ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு வகைகள், ஏனெனில் விளையாடுபவர் ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துப்போவார். போர்க்களத்தில் தோழர்களை எச்சரிக்கும் கூச்சல்கள் இதற்குமேல் வரும். வெடிச்சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்பதால் அவற்றை முழுக்குரலில்தான் கொடுக்க வேண்டும். வாள்வீச்சுக்கான சிறு மூச்சொலிகூட நூறாவது முறை சிறியதாக இருப்பதில்லை.

இயல்பாகப் பேசும்போதே குரல் நாண்கள் நொடிக்கு ஆண்களுக்கு ஏறத்தாழ 100 முறையும், பெண்களுக்கு ஏறத்தாழ 200 முறையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அலறும்போது எண்ணிக்கையும் கூடுகிறது, மோதலின் வலிமையும் கூடுகிறது. ஓய்வில்லாமல் தொடர்ந்தால் நாண்கள் வீங்கும். வீங்கிய நாண்களோடு நாள்தோறும் கத்தினால் விளிம்பில் முடிச்சுகள் தோன்றலாம். நுண்ணிய இரத்தக் குழாய் ஒன்று உடைந்தால் கசிவு ஏற்பட்டு, முழு மௌனமே முதல் மருந்தாகிவிடும். இதில் ஏமாற்றுவது என்னவென்றால், வலி எப்போதும் முன்வந்து எச்சரிப்பதில்லை. மெல்லிய உச்சத்தொனிதான் முதலில் மறைகிறது. அது மறைந்தது கலைஞருக்குத் தெரியும்; ஒலிப்பதிவாளரின் ஹெட்ஃபோனில் அன்றைய அலறல் நன்றாகவே கேட்டிருக்கும். இளைஞனின் தயக்கத்தையோ தாயின் தாலாட்டையோ பேச வேண்டிய அடுத்த வேலையில்தான் இழப்பு வெளியே தெரியவரும், அந்த வேலையும் வேறொரு நிறுவனத்தினுடையதாக இருக்கும். உங்கள் கணக்கில் இந்தச் செலவு ஏறாமலிருப்பதற்குக் காரணம் இதுவே என்று நினைக்கிறேன்.

இது புதிய முறையீடும் அன்று. அமெரிக்க நடிகர்களின் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 2016 அக்டோபர் 21 அன்று வீடியோ கேம் நிறுவனங்களுக்கு எதிராகத் தொடங்கிய வேலைநிறுத்தத்தில், தொண்டையை வருத்தும் பதிவுகளை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. பதினொரு மாதங்களுக்குப் பின் 2017இல் உடன்பாடு எட்டப்பட்டது. கூடுதல் தொகையும், எந்த வகை விளையாட்டு, பழைய பாத்திரத்தின் தொடர்ச்சியா என்பன போன்ற தகவல்களை முன்கூட்டியே பெறும் உரிமையும் அதில் கிடைத்தன. தொண்டைக்கு நேரும் சிரமத்தைப் பற்றி மட்டும், தொடர்ந்து பேசுவோம் என்ற உறுதி மட்டுமே கிடைத்தது. வாக்குறுதியாகப் படித்தால் அது நல்ல வாசகம்தான்.

மொழிமாற்றக் கூடங்களுக்குத் தனியே ஒரு சொல். ஜப்பானில் அனிமே ஒலிப்பதிவு நெடுங்காலமாகக் குழுவாக நடந்துவரும் ஒன்று: சில மைக்குகளை நடிகர்கள் பலர் பகிர்ந்துகொண்டு, காட்சியின் வரிசையிலேயே பேசுவார்கள். ஒருவர் கத்திவிட்டுப் பின்னால் நகர, மற்றவர் முன்னால் வருவார். அந்த இடைவெளியில் தொண்டை ஆறும். 2020இல் பெருந்தொற்று வந்தபோது அங்கும் சிறு குழுக்களாகப் பிரிந்து பேச வேண்டியதாயிற்று. மொழிமாற்றத்துக்குக் குரல் கொடுக்கும் நாங்களோ தொடக்கத்திலிருந்தே தனித்தனியாகப் பேசுபவர்கள். மூன்று பீப் ஒலிகள் வரும், நான்காவது ஒலிக்கவேண்டிய இடத்தில் வாயசைவுக்குப் பொருந்தப் பேசத் தொடங்குவோம். பாத்திரத்தின் அடுத்த வரிக்குப் படம் உடனே தாவிவிடும். இருபது நிமிடக் கதையில் அங்கங்கே சிதறிக்கிடந்த நாயகனின் கூக்குரல்கள் எங்கள் அறையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. கதாசிரியர் கொடுத்த ஓய்வை ஒலிப்பதிவு முறை எடுத்துக்கொள்கிறது. கூட்டாகப் பதிவு செய்யப் பணமில்லை என்பது புரிகிறது. வரிசையை மாற்றப் பணம் வேண்டியதில்லை.

குரல் தேர்விலும் கவனம் வேண்டும். கரகரத்த, தொண்டையை நெரித்த குரலை மூன்று வரிகளுக்குக் கேட்டு நீங்கள் மகிழ்கிறீர்கள். வாய்ப்புக்காக நாங்களும் கொடுத்துவிடுகிறோம். ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படும் இணைய விளையாட்டில் அதே குரலை ஆயிரக்கணக்கான வரிகளுக்குத் தாங்க வேண்டியிருக்கும். தேர்வின்போதே ஒரு பத்து நிமிடம் அந்தக் குரலில் பேசச் சொல்லிக் கேளுங்கள். இரு தரப்புக்கும் உண்மை தெரிந்துவிடும்.

அலறல்களைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துவிட்டால் தொண்டை பிழைக்குமே என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். சாக்-ஆஃப்ட்ரா 2024 ஜூலை 26 அன்று தொடங்கிய அடுத்த வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஓராண்டு நீடித்ததே இந்தக் கேள்வியின் பொருட்டுத்தான். 2025 ஜூலையில் உறுப்பினர்கள் ஏற்ற ஒப்பந்தத்தின்படி, கலைஞரின் எண்ம நகலை, அதாவது கணினி உருவாக்கும் அவரது நகலை, பயன்படுத்த அவருடைய ஒப்புதல் வேண்டும், பயன்பாட்டை அவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஒப்புதலும் ஊதியமும் இருந்தால், நாற்பதாவது கீழே விழும் ஒலியை இயந்திரம் செய்வதில் எனக்குத் தனிப்பட்ட மறுப்பில்லை. என் சக கலைஞர் பலர் இதை ஏற்கமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மகனின் பிணத்தைக் கண்டவளின் ஓலம் அந்தப் பட்டியலில் சேராது. அது நடிப்பு, அதை நாங்களே செய்ய விரும்புகிறோம். அதைச் செய்வதற்குரிய குரல் அந்த நாளில் எங்களிடம் மிஞ்சியிருக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒலிப்பதிவுக்கு அழைக்கும் கடிதத்திலேயே முழுக்குரல் வரிகள் எத்தனை, சொற்களற்ற ஒலிகள் எவ்வகையின என்று எழுதுங்கள். அவற்றை அந்த நாளின் கடைசிக்குத் தள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தைத் தாண்டுமானால் வேறொரு நாளுக்குப் பிரித்துவிடுங்கள். மறுநாள் அதே கலைஞருக்கு மென்மையான காட்சி ஏதும் வைக்காதீர்கள். போதும் என்று கலைஞர் சொல்லும்போது, அதற்காக அடுத்த வாய்ப்பு பறிபோகாது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேருங்கள். இந்த வரி இல்லாமல் மற்றவற்றால் பெரிய பயனில்லை. புதிதாக வந்தவர் யாரும் தாமாக நிறுத்தச் சொல்லமாட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகை சற்றே உயரும் என்பதை மறுக்கவில்லை. கரகரப்பேறிய வரிகளைத் திரும்பப் பதிவு செய்வதற்கும், பாதி வழியில் குரல் போன கலைஞருக்கு மாற்று தேடுவதற்கும் இப்போது ஆகும் செலவை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்த தயாரிப்பின் அழைப்புக் கடிதங்கள் உங்கள் மேசையில்தான் தயாராகின்றன. வரிசையை மாற்ற யாருடைய அனுமதிக்கும் நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு பின்னணிக் குரல் கலைஞர்