பரிசு என்ற சொல்லும் காலமானார் என்ற சொல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாஜிகளின் முகாமில் அடைக்கப்பட்டிருந்தபோதும் பியானோ சொனாட்டாக்களை (பல பகுதிகள் கொண்ட இசைப்படைப்புகள்) எழுதிய யூத வம்சாவளி இசையமைப்பாளர் விக்டர் உல்மன் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், ‘சிறையின் தனிமைதான் அவருக்கு அந்தக் கடைசி சொனாட்டாக்களைப் பரிசாக அளித்தது’ என்றொரு வாக்கியம் இருக்கிறது. அதைப் படித்த பிறகு இரண்டு நாட்கள் பியானோவைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசியன்ஷ்டாட் முகாமில் தனிமை எங்கே கிடைத்தது என்பதைக் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும். சில ஆயிரம் பேர் வாழ்வதற்கான அந்தச் சிறிய கோட்டை நகரில், உல்மன் கொண்டுவரப்பட்ட 1942 செப்டம்பரில் 50,000-க்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. வியன்னாவில் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கிடம் பயின்று, நான்கு பியானோ சொனாட்டாக்களை முன்னரே எழுதி முடித்திருந்த ஒருவருக்கு, அடுத்த மூன்றையும் எழுத நாஜிகளின் தயவு தேவைப்பட்டதா?

முகாம் தன் இசைப்பணியைத் தூண்டியதே தவிரத் தடுக்கவில்லை என்று உல்மனே எழுதியிருக்கிறார் எனக் கட்டுரையாளர் வாதிடலாம். உண்மைதான். ஆனால், விவிலியத்தில் நாடுகடத்தப்பட்ட யூதர்கள் அழுததைப் போல, பாபிலோன் நதிக்கரையில் நாங்கள் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, படைக்கும் விருப்பம் வாழும் விருப்பத்துக்கு இணையாக இருந்தது என்பதையும் அதே இடத்தில்தான் எழுதினார். அடைபட்டவர் அப்படிச் சொல்வது வீறாப்பு. மின்விசிறியின் கீழ் அமர்ந்து நாம் சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

தங்கள் இதழுக்கு இது புதிதல்ல என்பதுதான் என் வருத்தம். பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியான் போர்க்கைதிகள் முகாமில் 1941 ஜனவரியில் அரங்கேற்றிய நால்வர் இசையைப் பற்றி முன்பு எழுதியபோதும், செல்லோ என்ற தந்தி வாத்தியத்தில் மூன்றே தந்திகள் இருந்ததாக உருகியிருந்தீர்கள். நான்கும் இருந்தன என்று அன்று அந்தச் செல்லோவை வாசித்த பாஸ்கியேரே பிற்பாடு கூறிவிட்டார். அதைச் சுட்டி நான் அனுப்பிய கடிதம் தங்கள் அலுவலகத்தில் இன்னும் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

முப்பது ஆண்டுகள் பியானோ கற்பித்தவள் நான். உல்மன் முகாமில் எழுதிய ஏழாவது சொனாட்டாவின் இறுதிப் பகுதி மட்டும் என் விரல்களில் படிய எட்டு மாதங்கள் ஆயின. ஓர் எபிரேயப் பாடலை எடுத்து, வேரியேஷன்களாக (ஒரே மெட்டின் பல மாற்றுருவங்களாக) விரித்து, ஃபியூகாக (ஒரே மெட்டைப் பல குரல்கள் தொடர்ந்து பற்றிக்கொள்ளும் வடிவமாக) பின்னி, அதற்குள் செக் சமயச் சீர்திருத்தவாதிகளான ஹுசைட்டுகளின் போர்க்கீதத்தையும் இசைமேதை பாக்கின் பெயரெழுத்துகளாலான (B-A-C-H) நான்கு ஸ்வரங்களையும் கோத்திருக்கிறார். புலம்புகிறவனுக்கு இந்தக் கணக்கு வராது. ஒரு மேடையில் இதை வாசிக்கப் போனபோது, “கொஞ்சம் சோகமாக வாசியுங்கள் மேடம், சிறையில் எழுதியதல்லவா?” என்று அமைப்பாளர் கேட்டுக்கொண்டார். அவரைப் போன்றவர்களை உருவாக்குவது இத்தகைய கட்டுரைகள்தாம்.

தம் பிள்ளைகள் மூவருக்குக் காணிக்கையாக்கிய அந்தப் படைப்பின் கையெழுத்துப் பிரதியில், நிகழ்த்தும் உரிமை தம் ஆயுள் உள்ளவரை தமக்கே உரியது என்றும் உல்மன் குறித்து வைத்தார். சிரிப்பதா, அழுவதா? 1944 ஆகஸ்ட் 22-இல் எழுதி முடித்தார். அக்டோபரில் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டு நச்சுவாயு அறையில் மாண்டார். தங்கள் கட்டுரையோ, ஏதோ முதுமையில் கண்மூடியவரைப் போல ‘1944-இல் காலமானார்’ என்று முடிகிறது.

நீண்ட மறுப்புக் கட்டுரை எதையும் நான் கோரவில்லை. அடுத்த இதழின் திருத்தப் பகுதியில் இரண்டே வரிகள் போதும்: ‘பரிசாக அளித்தது’ என்பதை நீக்கிவிடுங்கள், ‘காலமானார்’ என்பதைக் ‘கொல்லப்பட்டார்’ என்று மாற்றுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற பியானோ ஆசிரியை,
திருச்சி.