கோட்டு இங்கேதான் இருக்கிறது

குன்னூர்

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் நலம். மழை விட்டபாடில்லை. கோத்தகிரி அத்தை விஷயம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அக்கா போனில் சொல்லியிருப்பாள்.

ஆவணியில் காதுகுத்துக்கு வந்தபோது நீ விட்டுப்போன உன் பைலட் உடுப்பு நீலக் கோட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்த ஈரத்தில் கம்பளித் துணிக்குப் பூசணம் பிடித்துவிடும் என்று போன வாரம் வெயில் தலைகாட்டியபோது எடுத்து உதறினேன். கோட்டின் கையில் இருந்த மூன்று தங்க லேஸ் பட்டையும் இல்லை. லேஸ் இருந்த இடத்தில் மட்டும் துணி புது நீலமாகக் கோடு விழுந்து கிடந்தது. பிரித்தது தையல்காரன் கை இல்லை, பிளேடு. இடது கையில் இரண்டு இடத்தில் துணியே வெட்டுப்பட்டிருந்தது. உள்தையலிலிருந்து இழை உருவி ரஃபு செய்துவிட்டேன். இனி யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் நேரடியாக அயர்ன் பெட்டியை வைக்காதே. பளபளப்பு ஏறிவிடும். ஈரத்துணி போட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

நான் எதையும் கேட்கவில்லை தம்பி. கம்பெனி மாறியிருந்தால் அதுவும் நல்லதுதான். தனியார் ஜெட்டில் பல இடங்களில் பட்டையே கிடையாது, சாதாரணக் கருப்பு சூட்தான் என்று நீயே ஒருமுறை சொன்னாய். ஏறுகிற முதலாளிக்குப் பைலட் கண்ணை உறுத்தக் கூடாதாம், பெட்டியைக்கூட பைலட்டே தூக்கி வைப்பாராம். அதில் ஒரு குறைச்சலும் இல்லை. அந்த சூட்டுக்கு அளவு வேண்டுமானால் அனுப்பு. உனக்கு வலது தோள் அரை அங்குலம் இறக்கம், ரெடிமேடில் அது சரிவராது. நைலான் கலந்த துணி மட்டும் வேண்டாம். தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். விமானத்தில் இருக்கிறவனுக்குக் கம்பளியும் பருத்தியும்தான்.

நீ முதல் முறை பட்டை போட்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? கோட்டை வாங்கிக் கையைத்தான் முதலில் பார்த்தேன். வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்குப் படிக்க வருகிற கடற்படை அதிகாரிகளுக்கு எத்தனை கோட்டுக்கு லேஸ் வைத்திருப்பேன்! லெப்டினன்ட் கமாண்டருக்கு இரண்டு பட்டை, நடுவில் ஒரு மெல்லிசு. கமாண்டருக்கு மூன்று. கேப்டனுக்கு நான்கு. மேல் பட்டையில் ஒரு சுழி வரும், அதைத் திருப்புவதில்தான் தையல்காரனின் கை தெரியும். "உங்கள் பட்டையில் சுழி எங்கே?" என்று கேட்டேன். 1930களில் பான் அமெரிக்கன் கம்பெனி கடலில் இறங்கும் விமானம் விட்டபோது, தோல் ஜாக்கெட் போட்டுத் திரிந்த பைலட்டுகளுக்குக் கப்பல் அதிகாரி மாதிரி நீலக் கோட்டு மாட்டிவிட்டது, பயணிகளுக்குப் பயம் தெளியத்தான் அந்த உடுப்பு என்று நீ சொன்னாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் காலமெல்லாம் அடுத்தவர் கையில் வைத்த லேஸ் என் பிள்ளை கையில். உன் அம்மா அந்தப் போட்டோவை லேமினேட் செய்து கடையில் மாட்டச் சொன்னாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. வருகிறவர்கள் கேட்டால் நான் பேசி முடிப்பதற்குள் மாலை ஆகிவிடும்.

ஆனால் மாதம் இரண்டு முறை பேசியவன் இப்போது "பிஸிப்பா" என்று ஒரு வரி அனுப்புகிறாய். தீபாவளிக்கு வீடியோவில் வந்தபோது தாடி வைத்திருந்தாய். உனக்குத் தாடி அழகாகத்தான் இருக்கிறது, அம்மாவும் சொன்னாள். ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரே கையால் 5 விநாடிக்குள் மாட்ட வேண்டும், மயிர் இருந்தால் முகத்தோடு சரியாக ஒட்டாது என்று லீவில்கூட தினமும் சவரம் செய்தவன் நீ. சில நாட்டில் இப்போது குட்டைத் தாடிக்கு அனுமதி உண்டாம், இங்கே சீக்கியப் பைலட்டுகளும் தாடியோடு ஓட்டுகிறார்கள், அக்கா மகன்தான் சொன்னான். உனக்கும் அப்படி ஏதாவது மாறியிருக்கலாம். வருஷா வருஷம் வைக்கிற மெடிக்கல் இந்த வருஷம் எந்த மாதம் என்று தெரியவில்லை. நம் குடும்பத்தில் சர்க்கரை உண்டு, அதனால் சொன்னேன். கோட்டை ஈரத்துணி போட்டுத்தான் தேய்க்க வேண்டும், மறந்துவிடாதே.

தம்பி, ஒன்று எழுதாமல் இந்தக் கடிதத்தை மூட முடியவில்லை.

1999-ல் நான் வேலை பார்த்த கடையில் ஒரு அதிகாரியின் நீல சர்ஜ் கம்பளிக் கோட்டை முன்பக்கத்தில் கருக்கிவிட்டேன். ஈரத்துணி போடாமல் பெட்டியை வைத்தது நான்தான். அன்றே என்னை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை. இரண்டரை மாதம் காலையில் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய் சிம்ஸ் பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். உனக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து உங்களைப் பூங்காவுக்குக் கூட்டி வந்தார்கள். நான் மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். சாயங்காலம் அம்மா முன்னால் நீ சொன்னாய், "அப்பாவைப் பார்க்கில் பார்த்தேன்" என்று. பொய் சொல்கிறாயா என்று உன்னை அடித்தேன். விரல் பதிந்துவிட்டது. நீ திரும்பச் சொன்னாய். நான் திரும்ப அடித்தேன். மூன்றாவது முறை நீ, "இல்லைப்பா, வேற யாரோ" என்றாய்.

நீ சொன்னது உண்மை. பார்த்தது என்னைத்தான்.

உன் அம்மாவுக்கு மூன்றாம் நாளே தெரியுமாம். தையல்காரன் சட்டையில் ஒரு நூல் பிசிறு இல்லாமல் வீட்டுக்கு வருவானா என்று பல வருஷம் கழித்துச் சொன்னாள். தினமும் தூக்கில் சோறு கட்டிக் கொடுத்தாள், கேட்கவில்லை. நானாகச் சொல்லட்டும் என்று இருந்தாளாம்.

கோட்டின் கையை நான் அவளிடம் காட்டவில்லை. ரஃபு முடித்து, அந்துருண்டை போட்டு, பச்சைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அரை அங்குலத் தங்க லேஸ் ஒரு கெஜம் கடையில் மிச்சம் இருக்கிறது, அதையும் பக்கத்திலேயே வைத்தேன். கோட்டை அனுப்பட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா? அதை மட்டும் எழுது. இல்லையென்றால் நீயே வா. மேல் அறையில் படுக்கை போட்டுத்தான் இருக்கிறது.

அப்பா