புயலுக்குப் பின் தையல் மிஷின்

ஆசிரியர் அவர்களுக்கு,

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையேறியபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னையோடு சேர்ந்து கீற்று முடைதலும் கயிறு திரித்தலும் சாய்ந்தன. நெட்டைத் தென்னங்கன்று நட்டால் காய்க்க ஆறேழு ஆண்டாகும். அதுவரை வேறு பிழைப்பு வேண்டும். கடலோரத்தில் எந்தப் பேரிடர் வந்தாலும், எட்டாவதோடு நின்றுவிட்ட பெண்களுக்கென்று முதலில் வருவது தையல் வகுப்பு. வரட்டும். ஆனால் ஒரே தெருவில் இருபது பேருக்கு ஜாக்கெட் மட்டும் சொல்லிக்கொடுத்தால் யார் யாருக்குத் தைப்பது?

முதல் வாரமே கைக்குக் காசு தருவது சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, சுடிதார் பிடித்துக்கொடுப்பது, நைட்டி. ஜாக்கெட் அதன் பிறகு வரட்டும். லைனிங் துணியை, அதாவது ஜாக்கெட்டின் உள்துணியை, வெட்டுமுன் நனைத்துக் காயவைக்கச் சொல்லித்தராத வகுப்புகள் உண்டு. முதல் சலவையில் லைனிங் சுருங்கி மேல்துணி உப்பிக்கொள்ளும். பக்கத் தையலுக்குள் ஒன்றரை அங்குலம் விடவில்லை என்றால் பிற்பாடு பிரித்துத் தளர்த்த முடியாது. பருத்திக்கு 14-ஆம் நம்பர் ஊசி. மெல்லிய சிந்தெடிக்குக்கும் அதையே போட்டால் துணி நூலிழுக்கும், அதற்கு 11.

மிஷின் பராமரிப்புக்கு ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும். உப்புக்காற்றில், அடிநூல் சுற்றிய பாபினைத் தாங்கும் பாபின் கேஸும் ஷட்டிலும் சீக்கிரம் துருவேறும். எண்ணெய் விட்டதும் கழிவுத்துணியில் ஓட்டிப் பார்க்காவிட்டால் வாடிக்கையாளர் துணியில் கறை. தையல் விட்டுவிட்டு விழுந்தால் பெரும்பாலும் ஊசி மழுங்கியிருக்கும், அல்லது திருப்பி மாட்டியிருக்கும். அதற்காக மெக்கானிக்கைத் தேடி பஸ் ஏறுவது வீண்செலவு.

மீன் விற்கப் போகும் பெண்கள் மதியம்தான் திரும்புவார்கள். காலை பத்து மணிக்கு வகுப்பு வைத்துவிட்டு, யாரும் வரவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

வீட்டோடு வெள்ளத்தில் போன பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கு (டி.சி.) நகல் கேட்டு முதல் வாரமே பள்ளியில் மனுக் கொடுக்க வேண்டும். ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையத்தில் தையல் பிரிவில் சேர எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அந்தத் தாள் இல்லாமல்தான் பலர் நின்றுபோகிறார்கள். அரசுப் பள்ளிச் சீருடைகளைத் தைப்பவை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். அங்கே உறுப்பினராவது எப்படி என்பதும் பாடத்தில் வரவேண்டும்.

மிஷினை நிறைவு விழா மேடையில் கொடுப்பது புகைப்படத்துக்கு நல்லது. இரண்டாம் வாரமே வீட்டுக்குப் போனால்தான் கை பழகும். கூடவே ஸ்க்ரூடிரைவர், எண்ணெய்ப் புட்டி, மூன்று வெவ்வேறு நம்பர்களில் ஊசி, உபரியாக நாலு பாபின்.

தையல் பயிற்றுநர்கள் சிலர்,
வேதாரண்யம்