நடுக்கம் எண்டு மட்டும் எழுதாதேங்கோ, அக்கா

ஸ்காபரோ
தை மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கட கடிதம் வந்து மூண்டு கிழமையாச்சு. உடன பதில் போடாதது என்ர பிழைதான். நான் நல்ல சுகம் எண்டு அம்மாவுக்குச் சொல்லுங்கோ. குளிர்தான் இந்தமுறை மைனஸ் 20க்குக் கிட்டப் போட்டுது. சாப்பாட்டுக்கு ஒரு குறையுமில்லை. மேல்வீட்டுச் சீனப் பெரியவர் சோவ் எண்டு அரிசிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வருவார். உப்புக்கூடப் போடாத கஞ்சி, ஊறுகாய் தொட்டால் எங்கட கஞ்சிதான்.

"அம்மாவுக்கு ஷிவரிங் இருக்கு" எண்டு எழுதியிருந்தீங்கள். வாசிச்ச உடன காய்ச்சலாக்கும் எண்டு பயந்துபோனன். நாலு வரி தள்ளித்தான், தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கேக்க கை ஆடுது எண்டு கிடந்தது. அக்கா, அது ஷிவரிங் இல்லை. இஞ்ச நூலகத்தில சனிக்கிழமை இங்கிலீசு வகுப்புக்கு வாற சீனச் சனமும் இதே பிழையைத்தான் விடுகினம். மேல்வீட்டுப் பெரியவர் வடசீனாவில ஹார்பின் நகரத்துக்காரர், எந்த வருத்தத்துக்கும் சுடுதண்ணிப் போத்தலோட வந்து நிக்கிறவர். அவருக்குக் குளிருக்கும் ஃபாதோவ், கோபத்துக்கும் ஃபாதோவ், பயத்துக்கும் ஃபாதோவ். நாங்கள் எல்லாத்துக்கும் நடுங்குது எண்டு சொல்லுறமாதிரித்தான். லெங் த ஃபாதோவ் எண்டால் குளிரில நடுங்கிறது. காரணத்தைத் தனியா முன்னால வச்சிடுவினம். இங்கிலீசில காரணம் முக்கால்வாசி வினைச்சொல்லுக்குள்ளயே ஒளிச்சிருக்கு. சொல்லுப் பிழைச்சால் வருத்தமே மாறிப்போகும்.

ஷிவர் எண்டது குளிருக்கும் காய்ச்சலுக்கும். முழு உடம்பும் நடுங்கும், அது தசை தானே ஆடிச் சூடு உண்டாக்கிற வேலை. குலைப்பன் காய்ச்சலில பல்லடிக்கக் கட்டிலும் சேந்து ஆடுமே, அதுக்கு டொக்டர்மார் ரிகர் எண்டு தனிச்சொல்லு வச்சிருக்கினம். ட்ரெம்பிள் சின்னதா, கெதியா வாற நடுக்கம். பயம், துக்கம், களைப்பு எல்லாத்திலயும் வரும், குரலுக்கும் சொல்லலாம். ஷடர் ஒருக்காத்தான், ஆனால் பலமா. அருவருப்பான எதையும் கண்டால் உடம்பு ஒருக்கா உதறிப்போட்டு விடுமே, அது. பத்து நிமிஷம் ஷடர் பண்ணினன் எண்டு ஆரும் சொல்லுறதில்லை. க்விவர் மெல்லியது, அழுகை வரமுன்னம் பிள்ளையின்ர கீழ்உதடு துடிக்கிறமாதிரி. க்வேக் நிலம் ஆடுறதுக்குப் பொருந்தும், ஆளுக்குச் சொன்னால் கதைப்புத்தகத்துப் பேச்சுப்போல கிடக்கும். எது எண்டு தெரியாட்டி ஷேக் சொன்னால் போதும், அது எல்லாத்துக்கும் பொது. ஆனால் "மை ஹேண்ட்ஸ் ஷேக்" எண்டால்தான் கை நடுங்குது. "ஐ ஷேக் ஹேண்ட்ஸ்" எண்டால் கை குலுக்கிறன் எண்டு போகும்.

காரணத்துக்கு முன்னால வித் வரவேணும்: ஷிவர் வித் கோல்ட், ட்ரெம்பிள் வித் ஃபியர். சீனர் தங்கட ஒழுங்கில "கோல்ட் டு ஷிவர்" எண்டு கட்டுவினம், நாங்கள் "பை கோல்ட்" எண்டு எழுதுவம். ஷிவரில வாற வ அவைக்குப் பெரிய கஷ்டம், மாண்டரினில அந்த ஒலி இல்லை. மேல்பல்லைக் கீழ்உதட்டில வச்சு ஊதச்சொல்லிப் பழக்கவேணும்.

எல்லாத்திலும் ஆபத்தான சொல்லு சோவ், கஞ்சி இல்லை, இழுக்கிறதுக்குச் சொல்லுறது. சோவ்ஜின் எண்டால் கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கிறது, இங்கிலீசில க்ராம்ப். சோவ்சூ எண்டதுக்கு அகராதி ட்விட்சும் போடும், கன்வல்ஷனும் போடும். ட்விட்ச் ஒரு சின்னத் தசை துடிக்கிறது, கன்வல்ஷன் வலிப்பு. இரவில கால் பிடிச்சதை ஆராவது கன்வல்ஷன் எண்டு சொன்னால், கேக்கிறவர் அம்புலன்சுக்கு அடிச்சுப்போடுவார். இமை துடிக்கிறதை அவை இமை குதிக்குது எண்டுதான் சொல்லுவினம். இடக்கண் குதிச்சால் காசு வரும், வலக்கண் குதிச்சால் கேடு வருமாம். எங்களுக்கு அது ஆணுக்கு ஒரு கண், பெண்ணுக்கு ஒரு கண். இடக்கண் துடிச்சால் ஆரோ வரப்போகினம் எண்டு அம்மா படலையைப் பாத்துக்கொண்டு நிக்கிறவா. இப்பவும் நிக்கிறவாவோ? போன ஞாயிறு டெலிபோனில அவவின்ர குரல் ட்ரெம்பிள் ஆகினது. லைன் கிளியர் இல்லை எண்டு சொல்லி வச்சிட்டன்.

அம்மாவின்ர கைக்குரிய சொல்லு ட்ரெமர். 1817இல ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதின வருத்தத்துக்கு அவர் வச்ச பேர் ஷேக்கிங் பால்சி. சீனர் அதையே சென்சான் மாபீ எண்டவை, நாங்கள் நடுக்குவாதம் எண்டு சொல்லுறம், கருத்து ஒண்டுதான். ஆனால் கை நடுங்கிறதெல்லாம் அதில்லை, பயப்படாதேங்கோ. நடுக்குவாதத்தில கை மடியில சும்மா கிடக்கேக்கதான் கூட ஆடும், குளிசை உருட்டுறமாதிரி. அனேகமா ஒரு பக்கத்தில தொடங்கும், கையைத் தூக்கி வேலை செய்தால் குறையும். அம்மாவுக்குக் கோப்பை பிடிக்கேக்க எண்டால் அது வேற மாதிரி, எசென்ஷியல் ட்ரெமராயும் இருக்கலாம். அது குடும்பத்தில ஓடுறது. அம்மம்மாவுக்கும் கை ஆடினது உங்களுக்கு ஞாபகமிருக்கும். முட்டுக்கு இழுக்கிற சல்பியூட்டமோலும் கையை நடுங்க வைக்கும், தைரொய்ட் கூடினாலும், சீனி குறைஞ்சாலும் வரும். எது எண்டு டொக்டர்தான் சொல்லவேணும்.

ஆனபடியால் போறதுக்கு முன்னம் இதுகளைப் பாத்து எழுதிக்கொண்டு போங்கோ: ஒரு கையோ இரண்டோ, சும்மா இருக்கேக்கயோ பிடிக்கேக்கயோ, பம்ப் இழுத்த உடன கூடுதோ, தலையோ குரலோ சேந்து ஆடுதோ. ஒரு தாளில அம்மாவை ஒரு வசனம் எழுதிச் சுருள் ஒண்டும் கீறச்சொல்லுங்கோ. நடுக்குவாதத்தில எழுத்து வரவரச் சிறுக்கும், மற்றதில கோடு வளைஞ்சு வளைஞ்சு போகும். கோப்பையில அரைவாசிதான் ஊத்திக் குடுங்கோ, முழுக்க ஊத்தினால் சுடும்.

வேலி அடைக்கிற காசு மாசிக்குள்ள அனுப்புறன். இந்த மாதம் ஹீட்டர் பில் கொஞ்சம் கூட, வேற ஒண்டுமில்லை. இரவு வேலையும் ஒண்டு எடுத்திருக்கிறன், பொழுது போகுமெண்டுதான், அம்மாவுக்குச் சொல்லவேண்டாம். கிணத்துப் பங்குக் கதையை நீங்கள் சித்தப்பாவோட எடுக்காதேங்கோ, அத்தான் கதைக்கட்டும். உறுதி அம்மாவின்ர தகரப்பெட்டியில அடியில கிடக்கு. போட்டோக்கொப்பி எடுத்து அனுப்புங்கோ, அம்மா சுருள் கீறின தாளையும் அதோட வையுங்கோ.

அன்புடன்
உங்கட தம்பி