இல்லாத நிலா

அன்புள்ள வேலு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, கரண்ட். ரங்கூனில் இப்போது முறை வைத்துத்தான் விடுகிறார்கள். எங்கள் தெருவுக்கு வந்ததும் மோட்டார், சோற்றுப் பானை, போன் சார்ஜ் எல்லாம் வரிசையில் நிற்கும். கடைசி ஆள் என் லேப்டாப். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. என் சட்டையில் பட்டன் இல்லாததைக்கூட இப்போது கண்டுபிடித்துவிடுகிறாள்.

லேப்டாப்பில் அப்படி என்ன வேலை என்று கேட்டிருந்தாய். நிலா தேடுகிறேன். சிரிக்காதே. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள் ஐயாயிரத்துக்கு மேல் தெரிந்தாயிற்று. அவற்றில் ஒன்றுக்காவது நிலா உண்டு என்று இன்னும் உறுதியாகவில்லை. நம் வியாழனுக்கு மட்டும் தொண்ணூறுக்கு மேல்!

கோள் தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனால் வெளிச்சம் துளி குறையும். சூரியன் மாதிரி நட்சத்திரத்துக்கு முன் வியாழன் அளவுக் கோள் போனால் நூற்றில் ஒரு பங்கு. பூமி அளவென்றால் பன்னிரண்டாயிரத்தில் ஒன்று. நிலா கூடப் போனால் பக்கத்தில் இன்னொரு சின்னப் பள்ளம். ஆனால் அது ஒரு தடவை முன்னால் போகும், அடுத்த தடவை பின்னால் வரும், சில சமயம் கோளோடு ஒட்டி மறைந்துகொள்ளும். அது இழுப்பதால் கோளும் நேரம் தவறி வரும். அதனால்தான் கணினி. பண்டோரா என்று ஒரு புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. நட்சத்திரம், கோள், நிலா மூன்றின் அளவுகளையும் கொடுத்தால் வெளிச்சம் எப்படி ஏறி இறங்கும் என்று கோடு போட்டுத் தரும். ஆயிரக்கணக்கில் போட்டு, தொலைநோக்கி பதிந்ததோடு எது பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும்.

2017 அக்டோபரில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி, கெப்ளர்-1625 என்ற நட்சத்திரத்தை 40 மணி நேரம் பார்த்தது. அதன் கோள், கணக்குப்படி வரவேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி வந்தது. அது போன பிறகு வெளிச்சத்தில் ஒரு சின்னச் சரிவு. நெப்டியூன் அளவில் ஒரு நிலா இருக்கலாம் என்று டீச்சி, கிப்பிங் என்ற வானியலாளர்கள் 2018இல் எழுதினார்கள். ‘இருக்கலாம்’ என்றுதான் எழுதினார்கள், அது எனக்குப் பிடித்தது. 2019இல் இன்னொரு குழு அதே பதிவை அலசி, நிலா தெரியவில்லை என்றது. பண்டோராவை எழுதிய ஹெல்லரும் ஹிப்கேயுமே 2023இல், அப்படி ஒரு நிலா இருக்க வாய்ப்புக் குறைவு என்றார்கள். கிப்பிங் விடவில்லை, சண்டை நடக்கிறது.

நானும் ஒரு சோதனை செய்தேன். நிலா இல்லாத கோளை நானே உண்டாக்கி, நிஜப் பதிவில் இருப்பது மாதிரி வெளிச்சத்தில் கொஞ்சம் இரைச்சலும் (தாறுமாறான ஏற்ற இறக்கம்) கலந்து, தேடச் சொன்னேன். மூன்றாவது தடவை திரையில் நிலா! சிவப்புக் கோடு புள்ளிகளின் மேல் அழகாகப் படிந்து கிடந்தது. நெஞ்சு படபடத்தது, வேலு. நான்தான் நிலாவே வைக்கவில்லை என்பது ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது.

தப்பு எங்கே தெரியுமா? நட்சத்திரம் நடுவில் பிரகாசம், ஓரத்தில் மங்கல். தோசைக்கல்லில் நடுவில் சூடு, ஓரத்தில் குறைவு மாதிரி. தேடும்போது அந்த ஓர மங்கலை ஒரு துளி மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் துண்டு விழுந்த இடத்தை அடைக்கப் புரோகிராம் ஒரு நிலாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டது.

இருபது தடவை ஓட்டிப் பார்க்க நினைத்தேன். பதினான்காவதில் கரண்ட் போனது, பாட்டரியும் கைவிட்டது. சேமிக்கவில்லை. நாளை ராத்திரி ஒன்பதுக்கு எங்கள் முறை, மறுபடி முதலிலிருந்து.

அப்புறம், மகளுக்குப் பார்த்த வரன் என்ன ஆயிற்று? தட்டோனிலிருந்து ஒரு வரி எழுது.

அன்புடன்,
ராசு