ஆணி அடித்தால் ஆண் பப்பாசி பெண்ணாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

காய்க்காத ஆண் பப்பாசியின் அடித்தண்டில் இரும்பு ஆணி ஒன்றை அறைந்துவிட்டால் அது காய்க்கத் தொடங்கும் என்று உங்கள் ஞாயிறு இதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில் எழுதியிருந்தீர்கள். கதை புதிதல்ல. விசுவமடு, தர்மபுரம் பக்கத்து வளவுகளில் ஆணி ஏறிய பப்பாசி மரங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. தலையை வெட்டிச் சிரட்டை கவிழ்த்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். வாய்வழிக் கதையாக இருந்தவரை போகட்டும் என்று விடலாம். பத்திரிகையில் வந்துவிட்டால் அது ஆலோசனையாகிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பப்பாசியின் உடற்கலம் ஒவ்வொன்றிலும் பரம்பரை இயல்புகளைச் சுமக்கும் 18 நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்), 9 சோடிகளாக இருக்கின்றன. அவற்றில் ஒரு சோடிதான் மரம் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தச் சோடியில் இரண்டும் எக்ஸ் (X) என்றால் பெண் மரம். ஒன்று எக்ஸ், மற்றது வை (Y) என்றால் ஆண் மரம். ஒரே பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உள்ள இருபால் மரம் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. நீளக் காய் காய்ப்பதும் சந்தையில் விலை போவதும் அதுதான். அதிலும் எக்ஸும் வையும் இருக்கின்றன, ஆனால் அந்த வை ஆண் மரத்தின் வையிலிருந்து சற்று வேறுபட்டது. தென்னாபிரிக்காவில் ஹொஃப்மேயர், ஹவாயில் ஸ்டோரி என்ற ஆய்வாளர்கள் 1938 இலேயே மரங்களைக் கலந்து பார்த்து இந்தப் பரம்பரைக் கணக்கை எழுதிவிட்டார்கள். பப்பாசியின் வை நிறமூர்த்தம் இன்னதென்று 2004 இல் இனங்கண்டார்கள்.

விதை உருவாகும்போதே இது முடிந்துபோன விஷயம். பிறகு கன்று வளர்வதெல்லாம் இழையுருப்பிரிவு என்னும் கலப்பிரிவால். கலம் பிரிய முன்னர் 18 நிறமூர்த்தங்களும் படியெடுக்கப்படுகின்றன. பிறகு நடுவே வரிசைகட்டி நின்று, ஒவ்வொன்றிலும் ஒரு படி இந்தப் பக்கமும் மறு படி அந்தப் பக்கமுமாக இழுபட்டுப் போகின்றன. ஆகவே வேர் நுனியிலும் குருத்திலும் இருப்பது ஒரே தொகுதிதான். ஆணி இறங்கிய காயத்தைச் சுற்றிப் புதிதாக வரும் கலங்களிலும் அதுவே. இரும்பு எப்படி வையை எக்ஸ் ஆக்கும்? பப்பாசித் தண்டு உள்ளே கோறை. மாரியில் அந்த ஓட்டை வழியே தண்ணீரும் பங்கசும் இறங்கி மரம் அழுகுவதுதான் ஆணியால் கிடைக்கும் பலன்.

சரி, ஆணி அடித்த மரம் காய்த்ததைக் கண்ணால் கண்டேன் என்பவர்கள் இருக்கிறார்களே? அவர்கள் பொய் சொல்லவில்லை. நீளக் காம்புகளில் பூ தொங்கும் ஆண் மரங்களில் சில, காலநிலை மாறும்போது காம்பின் நுனியில் இருபால் பூக்கள் சிலவற்றை விடும். அவை சின்னக் காய்களாக ஊஞ்சல் மாதிரித் தொங்கும். மரம் பூத்து, ஆண் என்று தெரிந்து, கோபத்தில் ஆணி அடித்து, பிறகு பருவம் மாறிக் காய் தொங்கினால் பெயர் ஆணிக்குத்தான் போகும். ஆணி அடிக்காத ஆண் மரமும் காய்த்திருக்கும், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மரம் உண்மையில் பெண்ணாகியிருந்தால் அதன் சூலில் வை இருக்கக்கூடாது அல்லவா? ஆனால் அப்படித் தொங்கும் காய், அந்த மரத்தின் மகரந்தத்தாலேயே உண்டாகியிருந்தால், அதன் விதையில் முளைப்பது மூன்றில் இரண்டு பங்கு ஆண், ஒரு பங்கு பெண். சூலில் வை இல்லாவிட்டால் பாதிதான் ஆணாகியிருக்கும், ஆகவே வை அங்கேயே இருந்திருக்கிறது. நான்கில் மூன்றல்லவா ஆணாக வரவேண்டும் என்று மெண்டலைப் படித்த பிள்ளைகள் கேட்பார்கள். தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் வை வந்து சேர்ந்த கரு பப்பாசியில் பிழைப்பதில்லை. அந்தக் கால் பங்கு விதையிலேயே அழிந்துவிடுகிறது.

ஆண்பனையைப் பெண்பனையாக்கிய வரலாறு சம்பந்தர் பாடிய திருவோத்தூருக்கு உண்டு. அது இறையருள் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும், அங்கேயும் ஆணி அடித்ததாக நான் கேள்விப்படவில்லை.

உங்கள் பகுதியில் எழுதியிருக்க வேண்டியது வேறு. எந்த மரத்து விதையை நடுகிறோம் என்பதைப் பாருங்கள். ஒடுக்கற்பிரிவு என்னும் மற்றக் கலப்பிரிவில் சோடிகள் பிரிந்து, மகரந்தத்துக்கும் சூலுக்கும் 9 நிறமூர்த்தங்கள் வீதம் போகின்றன. பெண் மரத்துப் பூவில் ஆண் மரத்து மகரந்தம் விழுந்த விதை என்றால் பாதிக்குப் பாதி ஆண். இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே காய்த்த விதை என்றால் மூன்றில் இரண்டு இருபால், ஒன்று பெண், ஆண் கிடையாது. அந்த விதையில் குழிக்கு மூன்று கன்றாக வைத்து, பூத்த பிறகு இருபால் கன்று ஒன்றை விட்டு மற்றவற்றைப் பிடுங்கினால், மூன்றுமே பெண்ணாக அமைந்துவிடும் குழி 27 இல் ஒன்றுதான். பூக்க நாலைந்து மாதம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேர் நேராகப் போனால் ஆண், கிளைத்தால் பெண் என்று பார்த்து, உறுதியான பெண் கன்று என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். கன்றுப் பருவத்தில் அதைச் சொல்ல ஆய்வுகூடத்தில் டீஎன்ஏ பார்க்க வேண்டும். வேரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ரெட் லேடி என்ற பப்பாசி வகையை வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. அது கலப்பினம். அந்தப் பழத்து விதையை எடுத்து நட்டுவிட்டு, தாயைப்போல இல்லையே என்று மண்ணைக் குறை சொல்லாதீர்கள். ஒவ்வொரு சோடியிலும் எது போகும் என்பது தற்செயல். 9 சோடியில் 512 விதமாகப் பிரிந்து போகலாம், நிறமூர்த்தங்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வது இதற்கு மேலே. பிறகு இனிப்பும் உருவமும் மரத்துக்கு மரம் மாறாமல் என்ன செய்யும்? இருபால் மரங்கள் சோளகக் காலத்து வெக்கையிலும் தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் ஆண் பூவாகவே பூத்துக் கொட்டுவதுண்டு. அதற்கும் ஆணி வேண்டாம், கிணற்றில் தண்ணீர் இருந்தால் அடியை ஈரமாக வைத்து, வைக்கோல் மூடாக்குப் போடுங்கள். பெண் மரம் இந்த விஷயத்தில் உறுதியானது, வெக்கைக்குப் பூவின் பாலை மாற்றாது.

மனிதரிலும் பிள்ளை ஆணா பெண்ணா என்பதை வைதான் தீர்மானிக்கிறது, அது வருவது தகப்பன் வழியாகத்தான். மூன்றாவதும் பெட்டைப்பிள்ளை என்று மருமகளைக் கரிச்சுக்கொட்டும் மாமிமார் மகனை ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவனைக் கேட்டும் பயனில்லை, எந்த விந்து முந்தும் என்பது அவன் கையிலும் இல்லை.

எங்கள் உயர்தரப் பிள்ளைகள் கலப்பிரிவின் கட்டங்களை முன்னவத்தை, அனுவவத்தை, மேன்முகவவத்தை, ஈற்றவத்தை என்று அழகாகப் படம் கீறுகிறார்கள். அதே பிள்ளையின் வீட்டு வளவில் தகப்பன் ஆணி அடிக்கிறார். பாடசாலைத் தோட்டத்தில் இருபால் மரமொன்றின் பூவை விரிய முன்னரே கடதாசி உறையால் மூடிக் காய்க்கவிட்டு, அந்த விதையில் வரும் கன்றுகள் பூத்த பிறகு அவற்றில் எத்தனை பெண், எத்தனை இருபால் என்று எண்ணவைத்தால் ஒடுக்கற்பிரிவு பரீட்சையோடு மறக்காது. செலவு ஒரு பழமும் கொஞ்சப் பொறுமையும்.

திருத்தம் போடுவதென்றால் புரட்டாதி முடிய முன்னர் போடுங்கள். முதல் மழைக்குக் கன்று வைக்கிறவர்கள் அதற்குள் குழி வெட்டத் தொடங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
விசுவமடு.