தராசில் ஏறாத சுமை: எவரெஸ்ட் பக்கம் குழு அழைத்துப்போகும் பயண நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பயண அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆண்டுக்கு இரண்டு சீசன் எவரெஸ்ட் பக்கம் ஆள் கூட்டிப்போகும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் ஒருவரோடுதான் போன அக்டோபரில் நான் போய்வந்தேன். எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றவர்கள் "நல்லவேளை, நாம் இல்லை" என்று படிப்பதை அதோடு நிறுத்திவிடுவீர்கள்.

ஊருக்கு வந்தபின், எங்கள் சுமையைத் தூக்கிவந்த போர்ட்டர் ஒருவனை நடத்திய விதம் பற்றி அந்த நிறுவனத்துக்கு மூன்று முறை மின்னஞ்சல் போட்டேன். போன வாரம் பதில் வந்தது. "அவர்கள் ஷெர்பாக்கள் சார், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்." அந்த வரிக்குக் கீழேயே ஏப்ரல் குழுவுக்கான விளம்பரம், பழைய வாடிக்கையாளருக்குத் தள்ளுபடியோடு. அந்த விளம்பரம் வராமல் இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேனோ என்னவோ.

லுக்லா, நாம்சே, டெங்போச்சே, டிங்போச்சே என்று பாதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோ லா எப்படிப்பட்ட கணவாய் என்றும் தெரியும். 5,420 மீட்டர். ஜோங்லாவிலிருந்து இருட்டில் கிளம்பி, பாறையில் கையூன்றி ஏறி, கடைசியில் பனியாற்றின் மேல் நடந்து உச்சியைத் தொட வேண்டும். அந்தப் பனிக்காக எங்கள் பன்னிரண்டு பேருக்கும் காலணியில் மாட்டிக்கொள்ள இரும்புப் பல் சங்கிலி கொடுத்தீர்கள். போர்ட்டர்கள் நால்வருக்கும் கொடுக்கவில்லை. அவர்களில் ஒரு தம்பி, இருபது வயதுகூட இருக்காது, கித்தான் காலணிக்குள் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு வந்தான். மூன்று பேருடைய பைகளை ஒன்றாகக் கட்டி, நாம்லோ பட்டையை நெற்றியில் கொடுத்து, முதுகில் ஏற்றியிருந்தான். அந்த மூன்றில் ஒன்று என்னுடையது.

கணவாய் ஏறுவதற்கு முந்தின நாள் லோபுச்சேயில் விடுதி நடத்தும் தீதிதான் (அக்காதான்) அந்தச் சுமையை எடை போட்டார். நாங்கள் கேட்கவில்லை. பழைய பேப்பர்காரர் வைத்திருப்பாரே, அந்த மாதிரி ஒரு கொக்கித் தராசைக் கொண்டுவந்து, இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லித் தூக்கிப் பார்த்தார். நாற்பத்தேழு கிலோ. எங்களை ஒருமுறை பார்த்தார், தராசை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நாற்பத்தேழு எப்படி வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்குப் பதினைந்து கிலோ என்பது நீங்கள் கொடுத்த அளவு. லுக்லா விமானத்தில் அதற்கு மேல் ஏற்றமாட்டார்கள் என்பதால் வந்த அளவு அது. லுக்லா விமானம் ஏறிய மந்தலி விமான நிலையத்தில் கைப்பையைக்கூட விடாமல் எடை போட்டு, கூடின ஒவ்வொரு கிலோவுக்கும் காசு வாங்கினார்கள். சரி, அது விமானம், சின்ன ஓடுதளம், நியாயம்தான். பன்னிரண்டு பேர், பதினைந்து கிலோ வீதம் 180 கிலோ. போர்ட்டருக்கு 30 கிலோ என்றால் ஆறு பேர் வேண்டும். நீங்கள் வைத்தது நான்கு. மிச்ச இரண்டு கிலோ நாங்கள் நாம்சே கடைகளில் வாங்கித் திணித்தது. என் பைக்குள் பருப்புப்பொடியும் முறுக்கும் ஒரு முக்காலியும் இருந்தன. முக்காலியை நான் ஒருமுறைகூட விரிக்கவில்லை. அதைச் சொல்லாமல் உங்களை மட்டும் குறை சொல்வது நேர்மை ஆகாது.

ஜோங்லாவில் அன்று இரவு அந்தத் தம்பிக்குத் தலைவலி. போர்ட்டர்கள் சாப்பாட்டுக் கூடத்தில்தான் படுப்பார்கள், நாங்கள் சீட்டாடி முடித்து எழுந்துபோன பிறகு. காலையில் வாந்தி. இரண்டையும் எங்களில் பலர் பார்த்தோம். எங்களில் ஒருவருக்கு லேசாகத் தலை கிறுகிறுத்தபோது விரலில் கருவி மாட்டி ஆக்சிஜன் அளவு பார்த்து, மாத்திரை கொடுத்து, ஒரு நாள் பயணத்தையே தள்ளிவைத்தார் உங்கள் குழுத் தலைவர். அந்தக் கருவி தம்பியின் விரலுக்குப் போகவேயில்லை.

பனியாற்றின் நடுவில் அவன் உட்கார்ந்துவிட்டான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான், ஆனால் பதில் வரவில்லை. எழுந்து நின்றபோது குடித்தவன் மாதிரித் தள்ளாடினான். உயரத்தால் மூளையில் நீர் கோத்துக்கொண்டால் நடை இப்படித்தான் குழறும் என்று நாம்சேயில் எங்களுக்கு வகுப்பெடுத்ததே அந்தக் குழுத் தலைவர்தான். அவர் என்ன செய்தார் தெரியுமா? பைகளை அவிழ்த்து மற்ற மூன்று போர்ட்டர்களுக்குப் பிரித்துக் கட்டிவிட்டு, தம்பியிடம் ஜோங்லாவுக்குத் திரும்பிப்போகச் சொன்னார். தனியாக.

"தனியாகவா?" என்று கேட்டேன்.

"அவன் பார்த்துக்குவான் அண்ணா. ஊர்க்காரன்தானே. நமக்கு நேரம் ஆகுது."

நான் நடந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் நடந்தது. ஒரு இருபது நிமிடம் நடந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்த வேறொரு குழுவின் வழிகாட்டி தம்பியின் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தார். தாமே கிராமத்து ஷெர்பா அவர். தன் உதவியாளரை அங்கேயே பிரித்து, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே போகச் சொல்லி அனுப்பினார். அன்று இருட்டுவதற்குள் கீழே பெரிச்சே கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களாம். 1973-ல் தொடங்கிய இமாலய மீட்புக் கழகத்தின் மருத்துவ நிலையம் அங்கே இருப்பதால் ஆக்சிஜன் கிடைத்தது, ஆள் பிழைத்தான். கணவாய்க்கு அப்பால் கோக்யோவில் அந்த வழிகாட்டியைப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது. எங்கள் குழுத் தலைவருக்கும் அங்கேதான் தெரிந்தது, அதுவும் நான் சொல்லி.

கடைசி நாள் டிப்ஸ் உறைகளில் அவன் பெயருக்கு உறை இல்லை. கூலியும் சோ லா வரைக்கும்தானாம்.

இப்போது உங்கள் பதிலுக்கு வருகிறேன். அவன் ஷெர்பா இல்லை. ராய். சோலுகும்புவுக்குத் தெற்கே கோட்டாங் மாவட்டத்துக்காரன். கேழ்வரகும் மக்காச்சோளமும் விளையும் ஊர் என்று அவனே அரைகுறை இந்தியில் சொன்னான். எவரெஸ்ட் பாதையில் சுமை தூக்குகிறவர்களில் பெரும்பாலோர் இப்படிக் கீழ்மலைகளிலிருந்து வரும் ராய், தமாங், மகர் ஆட்கள் என்பது தொழில் நடத்தும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஷெர்பா என்பது ஒரு இனத்தின் பெயர். "கிழக்கத்தியர்" என்று பொருள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் திபெத்திலிருந்து கணவாய் தாண்டி வந்தவர்கள். மெல்லிய காற்றில் வாழ அவர்கள் உடலுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த தகவமைப்பு உண்டு, அது மரபணுவிலேயே இருக்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். கோட்டாங்கிலிருந்து வந்த பையனுக்கு உயரத்தில் இருப்பது என் நுரையீரல்தான். 5,400 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் பாதி. அவனுக்கும் பாதிதான், கூடவே 47 கிலோ. சுமை தூக்குகிற எல்லோரையும் "நம்ம ஷெர்பா" என்று படத்துக்குக் கீழே எழுதுவது அறியாமை என்றால் மன்னிக்கலாம். அதையே ஒரு உயிர் போகப் பார்த்ததற்குச் சமாதானமாகச் சொன்னால்?

நான் கேட்பது இரண்டே இரண்டு. பயணி இருவருக்கு ஒரு போர்ட்டர் வையுங்கள். யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால், அவர் போர்ட்டராகவே இருந்தாலும், துணைக்கு ஒரு ஆள் இல்லாமல் கீழே அனுப்பாதீர்கள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 1997-ல் நேபாளத்தில் ஒரு இளம் போர்ட்டர் மலைநோயில் இறந்துபோன பிறகு, சர்வதேச போர்ட்டர் பாதுகாப்புக் குழு என்று ஒன்று உருவானது. அவர்கள் எழுதிவைத்த நெறிகளில் எல்லாம் இருக்கிறது. நேபாளத்தில் சுமை 30 கிலோவைத் தாண்டக் கூடாது, உயரத்துக்கும் வானிலைக்கும் ஏற்ப இன்னும் குறைக்க வேண்டும், குளிருக்கேற்ற உடையும் காலணியும் தர வேண்டும், காப்பீடு எடுக்க வேண்டும், நோயாளியைத் தனியாக அனுப்பக் கூடாது. கோக்யோவுக்குக் கீழே மச்செர்மோவில் போர்ட்டர்களுக்கென்று ஒரு தங்குமிடமே கட்டியிருக்கிறார்கள். உங்கள் இணையதளத்தில் "பொறுப்பான பயணம்" என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதற்குள் போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவராதீர்கள் என்று இருக்கிறது.

அந்த மலையில் காசு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோரக் ஷெப்பிலிருந்து "இனி நடக்க முடியாது, முட்டி வலிக்கிறது" என்று ஹெலிகாப்டரில் இறங்கிப்போனார்கள் எங்கள் பக்கத்து விடுதியில் இருந்த இருவர். நல்ல ஆரோக்கியம், கையசைத்துப் படமெடுத்துக்கொண்டே ஏறினார்கள். காப்பீட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுத்த வழிகாட்டி கீழே நின்று டாட்டா காட்டினார். 2018-ல் இந்தப் பொய் மீட்புகளைப் பற்றி நேபாள அரசே விசாரணை வைக்க வேண்டியிருந்தது. நன்றாக இருக்கிறவர் பறப்பார், மூளையில் நீர் கோத்தவன் தனியாக நடந்துபோவான். அப்புறம் பயணத் திட்டத்தில் தாமேயைப் பற்றி என்ன எழுதியிருந்தீர்கள்? "மதிய உணவு நிறுத்தம்." டென்சிங் நோர்கே வளர்ந்த ஊர். 2024 ஆகஸ்ட் 16-ல் மேலே பனி ஏரி உடைந்து வந்த வெள்ளத்தில் பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் போன ஊர். என் குழு போர்ட்டரை நான் விட்டுவிட்டுப் போனபோது, யாரோ ஒருவர் என்று பாராமல் நின்று பார்த்த மனிதரின் ஊர். அங்கே நாங்கள் நாற்பது நிமிடம் நூடுல்ஸ் சாப்பிட்டோம். சேற்றில் புதைந்த சுவர்களைப் படமெடுத்தோம்.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகக் கேட்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

செலவைப் பற்றி யோசிப்பீர்கள். இரண்டு போர்ட்டர்களின் இரண்டு வாரக் கூலியையும் பன்னிரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு வருகிற தொகை, இந்தப் பயணத்துக்கென்று நான் வாங்கிய காலணியின் விலையில் பாதிகூட வராது. அதைக் கட்டணத்தில் ஒரு வரியாகவே போட்டுக் காட்டுங்கள்: "போர்ட்டர் கூலி, காப்பீடு, காலணி." கொடுக்கமாட்டேன் என்று சொல்கிறவரை நீங்கள் அழைத்துப்போக வேண்டாம். காத்மாண்டுவில் உள்ள கூட்டாளி நிறுவனம்தான் ஆள் வைக்கிறது, எங்கள் கையில் இல்லை என்று சொல்லாதீர்கள். பணம் நாங்கள் உங்களிடம்தான் கட்டினோம். யாரை எங்கே படுக்கவைப்பது, எந்த நாள் எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் அவர்களிடம் சொல்லி நடத்த முடிகிறதே, இதையும் சொல்ல முடியும்.

எங்கள் பக்கம் பழைய பெருவழிகளில் சுமைதாங்கிக் கல் இருக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிள்ளைப்பேற்றில் இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்டது. யாரும் கைகொடுக்காமலே தலைச்சுமையை இறக்கிவைத்து, திரும்ப ஏற்றிக்கொள்ளத் தோதான உயரம். நேபாளத்து மலைப்பாதையில் அதற்குச் சௌதாரா என்று பேர். அரசமரத்தடியில் மேடை, பக்கத்தில் கூடையை வைக்க ஒரு படி. லுக்லாவுக்குக் கீழே இப்படி நிறைய உண்டு. அந்தத் தம்பி நாம்சே ஏற்றத்தில் பாறை கண்ட இடத்திலெல்லாம் டோக்மா தடியைச் சுமைக்குக் கீழே முட்டுக்கொடுத்து நின்றுகொண்டேதான் மூச்சு வாங்கினான். இறக்கினால் திரும்பத் தூக்கிவிட ஆள் இல்லை, நாங்கள் முன்னால் போயிருந்தோம்.

ஆகவே மறுபடியும் கேட்கிறேன். இருவருக்கு ஒரு போர்ட்டர். நோய் வந்தால் துணைக்கு ஒரு ஆள். இவற்றோடு இன்னொன்றும்: லுக்லாவில் இறங்கியதும் பயணிகள் கண்முன்னால் ஒவ்வொரு சுமையையும் எடை போடுங்கள். கண்முன்னால் போட்டால் பாதி முக்காலிகள் அங்கேயே நின்றுவிடும்.

ஏப்ரல் குழு கிளம்புவதற்கு முன் உங்களில் எத்தனை பேர் இதைச் செய்யப்போகிறீர்கள் என்று பதில் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். அந்தத் தம்பிக்குச் சேர வேண்டிய மீதிக் கூலியையும் டிப்ஸையும் அனுப்பிவைத்தால் இன்னும் நல்லது. யார் என்று உரியவருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
அக்டோபர் குழுவில், மூன்றாவது பைக்குச் சொந்தக்காரன்

பி.கு.: தராசு இல்லை என்றால் சொல்லுங்கள். கொக்கித் தராசு ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன், ஐம்பது கிலோ வரை காட்டும். கூரியர் செலவு என்னுடையது.